பழைய டிஸ்ப்ளேயும் மூன்று துண்டு ஃபிலிமும்: குவாண்டம் மேற்பொருந்துதலைக் கையால் செய்து பார்ப்பது எப்படி

மார்த்தாண்டத்தில் டிவி, மானிட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். படித்தது பி.எஸ்சி. இயற்பியல். யூடியூபில் குவாண்டம் பற்றி என்ன வந்தாலும் அக்கம்பக்கத்துப் பையன்கள் அதைத் தூக்கிக்கொண்டு என் கடைக்குத்தான் வருவார்கள். "அண்ணே, ஒரு பொருள் ஒரே நேரத்துல ரெண்டு இடத்துல இருக்குமாமே? அப்போ இந்த உலகமே பொய்யா?" முதல் கேள்விக்கும் இரண்டாம் கேள்விக்கும் நடுவே இருக்கும் தூரத்தை வாயால் சொல்லி விளங்கவைக்க முடியாது. "மக்களே, முதல்ல இத செய்" என்று மூன்று துண்டு போலரைசர் ஃபிலிமைக் கையில் கொடுத்துவிடுவேன். உலகம் பொய்யா மெய்யா என்பது அதற்கு அப்புறம்.

அதைத்தான் இங்கே எழுதுகிறேன். முதலில் கைவேலை, பிறகு பல உலகம், மாயை, சிமுலேஷன் என்று சுற்றும் பேச்சுகளை எடைபோடும் விதம்.

ஃபிலிம் எடுப்பது

எல்சிடி பேனலின் கண்ணாடிக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு பிளாஸ்டிக் தாள்கள் ஒட்டியிருக்கும். அதுதான் போலரைசர், ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும். பாடப்புத்தகத்தில் தளவிளைவாக்கி என்று படித்திருப்பீர்கள். உடைந்த மானிட்டர் பேனல் எந்த சர்வீஸ் கடையிலும் மூலையில் கிடக்கும். கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். முன்பக்கத் தாளில் கண் கூசாமல் இருக்கச் சொரசொரப்புப் பூச்சு இருக்கும், அதனால் மங்கலாகத் தெரியும். பின்பக்கத் தாள் பெரும்பாலும் தெளிவாக இருக்கும், அதையே எடுங்கள். பழைய கால்குலேட்டர் என்றால் முன்பக்கத் தாள் மட்டும்தான் உதவும். பின்னால் வெள்ளிப் பூச்சு ஒட்டியிருக்கும்.

முழு மானிட்டரைப் பிரிப்பதாக இருந்தால் ஜாக்கிரதை. பழைய மாடல்களில் பேக்லைட்டுக்கு எல்இடி கிடையாது, மெல்லிய ட்யூப்தான். அதற்குள் பாதரசம் இருக்கிறது, உடைத்துவிடாதீர்கள். பவர் போர்டில் உள்ள கப்பாசிட்டர் ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் ஷாக் அடிக்கும். பழக்கமில்லாதவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம், பேனலை மட்டும் வாங்கிக்கொண்டு போங்கள்.

பேனலை மேசையில் படுக்க வைத்து, ஒரு மூலையில் பிளேடை நுழைத்துத் தாளைக் கொஞ்சம் தூக்குங்கள். தலைமுடி உலர்த்தும் டிரையரால் லேசாகச் சூடு காட்டினால் பசை இளகும். அப்புறம் தாளை மேலே பிடுங்காமல், பின்பக்கமாக மடக்கி, தரையோடு தரையாக இழுக்க வேண்டும். அவசரப்பட்டால் கண்ணாடி நொறுங்கித் தெறிக்கும். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், வேலை முடிந்ததும் சோப்பு போட்டுக் கையைக் கழுவுங்கள். தாளில் மிச்சம் இருக்கும் பசையை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்தால் போதும். தின்னர் வேண்டாம், தாளே வெளுத்துப்போகும்.

தியேட்டரில் கொடுத்த 3டி கண்ணாடி வீட்டில் இருக்கிறது, அது போதாதா என்று கேட்பார்கள். போதாது. அதில் இன்னொரு படலமும் சேர்ந்து வட்ட முறையில் வேலை செய்யும், திருப்பித் திருப்பி வைத்தால் ஒரு நேரம் இருட்டும், ஒரு நேரம் இருட்டாது. தொடக்கத்திலேயே குழம்பிவிடுவீர்கள். பல போன்களின் அமோலெட் டிஸ்ப்ளேயிலும் இதே தொல்லைதான்.

அச்சைக் கண்டுபிடிப்பது

தாளின் எந்தத் திசையில் ஒளி புகுகிறது என்று தெரிய வேண்டும். சில பேனல்களில் அது விளிம்புக்கு நேராக இருக்கும், சிலவற்றில் 45 பாகை சாய்ந்திருக்கும். விளிம்பை நம்பக் கூடாது.

எங்கள் ஊர்ப் பக்கம் பழைய வீடுகளில் சிவப்பு ஆக்சைடு தரை பளபளவென்று இருக்கும். ஜன்னல் வெளிச்சம் அதில் பட்டுத் தெறித்துக் கண்ணுக்கு வரும் இடத்தில் நின்று, ஃபிலிம் வழியாகப் பாருங்கள். மெதுவாகத் திருப்புங்கள். ஒரு நிலையில் அந்தப் பளபளப்பு சட்டென்று குறைந்து, தரையின் நிறம் தெளிவாகத் தெரியும். தரையில் பட்டுத் தெறிக்கும் ஒளி பெரும்பாலும் கிடைமட்டமாக அதிரும் ஒளி. அது அடைபட்டால் ஃபிலிமின் அச்சு செங்குத்தாக இருக்கிறது என்று பொருள். மார்க்கர் பேனாவால் அந்தத் திசையில் ஒரு கோடு போட்டுவிடுங்கள். தரை கிடைக்காவிட்டால் குளத்துக்குப் போங்கள். நேர் கீழே பார்க்கும் கோட்டிலிருந்து சுமார் 53 பாகை சாய்வில் தண்ணீரைப் பார்த்தால் பளபளப்பு ஏறக்குறைய முழுவதும் மறையும்.

குளத்துக்குப் போனால் இன்னொன்றும் செய்துவிட்டு வாருங்கள். இரண்டு கல்லைத் தள்ளித் தள்ளிப் போடுங்கள். இரண்டு வளையங்களும் ஒன்றையொன்று ஊடுருவி, சேரும் இடத்தில் கூடிக் குறைந்து, அதன் பிறகு எதுவும் நடக்காதது போல் தம் வழியே போகும். மேற்பொருந்துதல் என்று பாடத்தில் இருப்பது இதுதான், இதில் மர்மம் எதுவும் கிடையாது. மர்மம் அடுத்த படியில் வருகிறது.

ஒரு எச்சரிக்கை: ஃபிலிம் வழியாகச் சூரியனைப் பார்க்கவே கூடாது. கண்ணுக்கு இருட்டாகத் தெரிந்தாலும் அகச்சிவப்புக் கதிர் தாராளமாக உள்ளே போகும். சந்தேகம் இருந்தால் இரண்டு ஃபிலிமைக் குறுக்காக வைத்து, அதன் வழியாக டிவி ரிமோட்டை அழுத்திப் பாருங்கள், சேனல் மாறும்.

சோதனை

அறையை இருட்டாக்குங்கள். போன் டார்ச்சை மேசையில் நிமிர்த்தி வையுங்கள். வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் ஆப் உள்ள இன்னொரு போன் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் கண்ணே போதும்.

முதல் ஃபிலிமை, அச்சுக் கோடு உங்களுக்கு நேராக இருக்கும்படி டார்ச்சின் மேல் வையுங்கள், இதைச் செங்குத்து என்போம். வெளிச்சம் ஏறக்குறைய பாதியாகும். அதன் மேல் இரண்டாவதை, கோடு அதற்குக் குறுக்காக இருக்கும்படி வையுங்கள், இது கிடைமட்டம். இருட்டு. ஓரத்தில் லேசாக ஊதா கசியும், அதைக் கண்டுகொள்ள வேண்டாம்.

இப்போது மூன்றாவது ஃபிலிமை எடுத்து, முதலில் அடுக்குக்கு மேலே வையுங்கள். எந்தப் பக்கம் திருப்பினாலும் இருட்டுதான். அடுக்குக்குக் கீழே வையுங்கள், அப்போதும் இருட்டுதான். பிறகு அதையே இரண்டுக்கும் நடுவே, 45 பாகை சாய்வாகச் செருகுங்கள்.

வெளிச்சம் திரும்பி வரும்.

இந்த இடத்தில் பையன்கள் எல்லாரும் ஒன்றுபோல் ஃபிலிமை வெளியே உருவி, மறுபடியும் செருகிப் பார்ப்பார்கள். வடிகட்டியைக் கூட்டினால் ஒளி குறைய வேண்டும், கூடுகிறதே! கணக்கு இதுதான். முதல் ஃபிலிமைத் தாண்டியது 100 என்று வையுங்கள். 45 பாகை ஃபிலிமைத் தாண்டுவது 50. அதிலிருந்து கிடைமட்ட ஃபிலிமைத் தாண்டுவது 25. பிளஸ் டூவில் படித்த மாலஸ் விதியில் கோசைனின் இருமடி தருவதும் இதே விடைதான். ஃபிலிமே கொஞ்சம் ஒளியைக் குடித்துவிடும் என்பதால் உங்கள் மேசையில் இதைவிடக் குறைவாகத்தான் வரும். நான்காவது ஃபிலிம் இருந்தால், நடுவில் ஒன்றுக்குப் பதில் இரண்டை 30, 60 பாகையில் வையுங்கள். கணக்குப்படி 25க்குப் பதில் 42 வர வேண்டும். தடுப்பைக் கூட்டக் கூட்ட வெளிச்சமும் கூடும்.

மேற்பொருந்துதல் எங்கே இருக்கிறது

இதுவரை செய்ததை வெறும் அலைக் கணக்கிலேயே விளக்கிவிடலாம், குவாண்டம் தேவையே இல்லை. அதை மறைத்து "பார், குவாண்டம்!" என்று கைதட்டும் வீடியோக்கள் எனக்குப் பிடிக்காது. ஒரு வாட் ஒளியில் நொடிக்குக் கிட்டத்தட்ட 30,000 கோடி கோடி ஃபோட்டான்கள், அதாவது ஒளித் துகள்கள், வருகின்றன. அந்த வெள்ளத்தில் தனித்தனி ஃபோட்டானைப் பார்க்க முடியாது. ஆனால் ஆய்வுக்கூடத்தில் ஒவ்வொன்றாக அனுப்ப முடியும். 1986இல் பிரான்சில் கிரான்ஜியே, ரோஜே, அஸ்பே மூவரும் ஒற்றை ஃபோட்டான்களை இரண்டு வழியாகப் பிரியும் அமைப்பில் விட்டுச் சோதித்தார்கள். இரண்டு வழிகளின் முடிவிலும் உணர்கருவி வைத்தால் ஏதாவது ஒன்றில்தான் முழுசாகப் பதிவாகும், பாதி இங்கே பாதி அங்கே என்று இல்லை. அதே இரண்டு வழிகளை மறுபடி சேர்த்துவைத்தால் அலைகளின் குறுக்கீடு, அதாவது குளத்து வளையங்கள் போலக் கூடிக் குறைவது, தெரிகிறது. ஃபிலிமுக்கும் அப்படித்தான். ஒரு ஃபோட்டான் தாண்டும், இல்லாவிட்டால் மாட்டிக்கொள்ளும். நடுநிலை கிடையாது.

சரி, செங்குத்து ஃபிலிமைத் தாண்டிய ஃபோட்டான்களை எடுத்துக்கொள்வோம். +45 பாகை ஃபிலிம் வைத்தால் பாதி தாண்டுகிறது. −45 பாகையில் வைத்தாலும் பாதி. உடனே மனசு என்ன சொல்லும்? "கூட்டத்தில் பாதி +45 ஜாதி, மீதி −45 ஜாதி, ஃபிலிம் பிரித்துக் காட்டுகிறது, அவ்வளவுதானே."

இதை மேசையிலேயே சோதிக்கலாம். +45 ஆனாலும் −45 ஆனாலும், அந்த ஃபோட்டான் செங்குத்து ஃபிலிமுக்கு வந்தால் தாண்ட வாய்ப்பு பாதிதான். அப்படியானால் அந்தக் கலவைக் கூட்டம் இன்னொரு செங்குத்து ஃபிலிமுக்கு வரும்போது பாதிதான் தாண்ட வேண்டும். சாய்ந்த ஃபிலிமை எடுத்துவிட்டு, முதல் ஃபிலிமின் மேல் இன்னொரு செங்குத்து ஃபிலிமை வைத்துப் பாருங்கள். ஃபிலிம் குடிப்பது போக ஏறக்குறைய எல்லாமே தாண்டுகிறது. பாதிக்குப் பாதி கலவை என்ற எண்ணம் இங்கே அடிபடுகிறது. பொறுமையாகச் செய்யுங்கள். மற்றதை எல்லாம் விட்டுவிட்டு இந்த ஒன்றை மட்டும் செய்தாலும் போதும்.

மார்த்தாண்டத்திலிருந்து நாகர்கோவிலுக்குப் போகிறவன் கிழக்கேயும் போகிறான், தெற்கேயும் போகிறான். ஆனால் அவன் போவது ஒரே ரோட்டில், ஒரே திசையில். செங்குத்து ஃபோட்டானும் அப்படித்தான்: அதற்கு ஒரே நிலைதான், செங்குத்து. +45, −45 என்ற கோணத்தில் பிரித்து எழுதும்போதுதான் இரண்டும் சேர்ந்ததாக வருகிறது. ரோட்டில் போகிறவனை யாரும் "கிழக்கா, தெற்கா, ஒன்றைச் சொல்" என்று கட்டாயப்படுத்துவதில்லை. ஃபோட்டானை ஃபிலிம் கட்டாயப்படுத்துகிறது. பதில் சொன்ன பிறகு பழைய நிலை போய்விடும். நடு ஃபிலிமில் +45 என்று பதில் சொன்ன ஃபோட்டானுக்குச் செங்குத்தாக இருந்த ஞாபகம் கிடையாது, அதனால்தான் கிடைமட்ட ஃபிலிமைப் பாதி தாண்டுகிறது.

ஆக, "ஒரே நேரத்தில் இரண்டாகவும் இருக்கிறது" என்று யாராவது சொன்னால் முதலில் கேட்க வேண்டியது: எந்தக் கோணத்தில் பிரித்துப் பார்த்து?

பூனையும் மணவாளக்குறிச்சி மணலும்

இயற்பியலாளர் ஷ்ரோடிங்கரின் பூனை இல்லாமல் இந்தப் பேச்சு நகராது. 1935இல் அவர் சொன்னது: பெட்டிக்குள் பூனை, ஒரு துளி கதிரியக்கப் பொருள், கைகர் கருவி, சுத்தியல், விஷக் குப்பி. ஒரு மணி நேரத்தில் ஓர் அணு சிதையலாம், சிதையாமலும் இருக்கலாம். சிதைந்தால் கருவி சுத்தியலைத் தட்டிவிடும், குப்பி உடைந்து பூனை சாகும். குவாண்டம் நிலையைக் கணக்கிடும் அவருடைய சமன்பாட்டை அப்படியே பூனை வரைக்கும் இழுத்தால், பூனையும் உயிரோடும் செத்தும் கலந்த நிலையில் இருக்க வேண்டும். பூனை அப்படித்தான் இருக்கும் என்று அவர் சொல்லவில்லை. இது கேலிக்கூத்தாக இருக்கிறதே, எங்கேயோ ஒரு விளக்கம் குறைகிறது என்பதைக் காட்டத்தான் சொன்னார்.

கதிரியக்கப் பொருளுக்கு நாம் எங்கும் போக வேண்டியதில்லை. மணவாளக்குறிச்சிக் கடற்கரைக் கருமணலில் மோனசைட் இருக்கிறது, மோனசைட்டில் தோரியம் இருக்கிறது. தோரியத்தின் அரை ஆயுள், அதாவது பாதி அணுக்கள் சிதைய ஆகும் காலம், சுமார் 1,400 கோடி ஆண்டு. ஒவ்வொரு தோரியம் அணுக்கருவையும் தனியாக வைத்துக் கணக்குப் போட்டால் அது சிதைந்தது, சிதையாதது என்ற இரண்டின் மேற்பொருந்துதல்தான். ஆனால் மணலை அள்ளினால் கையில் வருவது மணல்தான், அரைகுறை மணல் அல்ல.

ஏன் அப்படி என்பதற்குப் பாதிப் பதிலை 1970இல் ஜெர்மன் இயற்பியலாளர் ட்சே தொடங்கிவைத்தார். காற்று மூலக்கூறு, ஒளி, சூடு என்று சுற்றியிருக்கும் எல்லாமே பெரிய பொருளை ஓயாமல் தொட்டுக்கொண்டிருக்கின்றன. அந்தத் தொடுதலில் மேற்பொருந்துதலின் குறுக்கீடு கண நேரத்தில் சுற்றுப்புறத்துக்குள் கரைந்துபோகிறது. நன்றாகத் தனிமைப்படுத்தினால் கரையாது. சுமார் 2,000 அணுக்கள் கொண்ட மூலக்கூறுகளுக்குக்கூட 2019இல் வியன்னாவில் குறுக்கீட்டைக் காட்டிவிட்டார்கள். 2025 நோபல் பரிசு வாங்கிய கிளார்க், டெவோரே, மார்ட்டினிஸ் மூவரும் கையில் எடுக்கும் அளவுள்ள மின்சுற்றிலேயே குவாண்டம் நடத்தையைக் காட்டியவர்கள். பெரியது, சிறியது என்று கோடு எதுவும் போட்டு வைக்கவில்லை, தனிமைதான் விஷயம். பூனைக்கு மூச்சு விட வேண்டும், அதனால் அதைத் தனிமைப்படுத்த வழியில்லை.

பெரிய பேச்சுகளை மேசைக்கு இழுப்பது

யார் எந்தக் கொள்கையைக் கொண்டுவந்தாலும் நான் கேட்பது ஒன்றுதான். உன் கொள்கைப்படி இந்த மூன்று ஃபிலிமில் என்ன நடக்கிறது, 25க்குப் பதில் வேறு எண் வருமா?

நீல்ஸ் போர் என்ற இயற்பியலாளரின் வழி வந்தவர்கள் சொல்வார்கள்: ஃபிலிம் கேட்பதற்கு முன் ஃபோட்டான் எப்படி இருந்தது என்று பேசுவதில் அர்த்தமில்லை, விடை 25. எவரெட் 1957இல் சொன்ன பல உலக வழியில், நடு ஃபிலிமில் தாண்டிய கிளையும் மாட்டிக்கொண்ட கிளையும் இரண்டுமே நடக்கின்றன, அவற்றோடு நாமும் கிளைக்கிறோம், ஒவ்வொரு கிளையும் மற்றதை அறியாது. விடை 25. போம் 1952இல் சொன்னதில் உலகம் ஒன்றுதான், அலை வழிகாட்ட, துகள் தன் பாதையில் போகிறது. விடை 25. ஆக, "பல உலகம் இருப்பதைக் குவாண்டம் நிரூபித்துவிட்டது" என்று தம்ப்நெயில் போட்டால் அது தவறு. எவரெட்டின் எண்ணம் கேவலமானதும் அல்ல. சமன்பாட்டில் எதையும் கூட்டாமல் குறைக்காமல் அப்படியே நம்பினால் வரும் நேர்மையான முடிவு அது. எனக்கு மனசு ஒப்பவில்லை, அது என் குறை. ஆனால் "இன்னொரு உலகத்தில் நீ கலெக்டர்" என்று ஆறுதல் சொல்வதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அந்தக் கிளைக்குப் பஸ் கிடையாது.

இயற்பியலாளர் விக்னர் 1961இல் மனித உணர்வுதான் நிலையை முடிவு செய்கிறது என்று எழுதினார். "நாம பார்க்கிறதாலதான் உலகம் இருக்கு" என்பவர்கள் இவரைத்தான் பிடித்துக்கொள்வார்கள். பின்னாளில் அவரே அந்தக் கருத்தைக் கைவிட்டார் என்பதைச் சொல்ல மாட்டார்கள். லக்ஸ் ஆப்பை ஓடவிட்டு அறையை விட்டு வெளியே போய்விடுங்கள், திரும்பி வந்து பதிவைப் பாருங்கள். எண் மாறியிருக்காது. "நீ பதிவைப் பார்த்த பிறகுதான் அதுவும் முடிவாச்சு" என்று ஒருத்தன் வாதாடினால் மறுக்க வழியில்லை, நிரூபிக்கவும் வழியில்லை. டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடலாம்.

நாம் இருக்கும் உலகமே கணினிக்குள் ஓடுகிறது என்னும் சிமுலேஷன் பேச்சு இன்னும் வேடிக்கை. தத்துவவாதி போஸ்ட்ரோம் 2003இல் வைத்த வாதத்தில் மேற்பொருந்துதலுக்கு வேலையே இல்லை. பிற்காலத்து மனிதர்களிடம் எவ்வளவு கணினித் திறன் இருக்கும், அதை எதற்குப் பயன்படுத்துவார்கள் என்ற கணக்கு அது. வீடியோ எடுப்பவர்கள் பின்னால் வந்து ஒட்டவைத்தார்கள்.

கன்னியாகுமரிப் பாறையைக் காட்டி வேதாந்தம் இதை அன்றே சொன்னது என்பவர்களும் வருவார்கள். ஷ்ரோடிங்கர் உபநிடதங்களை விரும்பிப் படித்தவர், உண்மைதான். ஆனால் 1926இல் அவர் எழுதிய சமன்பாட்டைத் தாங்கியது ஹைட்ரஜன் அணுவின் ஆற்றல் கணக்கு. அந்த எண்கள் சரியாக வந்ததால்தான் உலகம் ஏற்றுக்கொண்டது. மாயை பற்றிய தத்துவத்துக்கு அதற்கென்று தனி மரியாதை உண்டு, ஃபிலிமிலிருந்து கடன் வாங்க வேண்டிய நிலையில் அது இல்லை.

விதிவிலக்காக வேறு எண் சொல்லும் கொள்கையும் உண்டு. 1986இல் கிரார்டி, ரிமினி, வெபர் மூவரும் வைத்தது: மேற்பொருந்துதல் யாரும் தொடாமலேயே எப்போதாவது தானாக உடையும், பொருள் பெரிதானால் சீக்கிரம் உடையும். நம் ஃபிலிமில் இது தெரியாது, ஆனால் நுட்பமான சோதனைகளில் தெரிய வேண்டும். தேடுகிறார்கள், இதுவரை சிக்கவில்லை. ஊகம் என்றால் எனக்குப் பிடித்தது இந்த மாதிரிதான். தோற்க வழி வைத்திருக்கிறது.

கடைசி வகை, காசு கேட்கும் குவாண்டம். ஒரு மண்டபத்தில் கூட்டம் போட்டு விற்ற பென்டன்ட் ஒன்றை என் சித்தி வாங்கி வந்தார். "மக்களே, இதப் போட்டா முட்டு வலி கொறையுமாம், குவாண்டம் சக்தியாம்." இப்படிப்பட்ட பதக்கங்கள் சிலவற்றில் தோரியம் கலந்த கனிமப் பொடி இருப்பது தெரியவந்திருக்கிறது. 2021 டிசம்பரில் நெதர்லாந்தின் அணுப் பாதுகாப்பு ஆணையம் பதக்கம், கைவளை உள்ளிட்ட பத்துப் பொருட்களில் கதிரியக்கம் இருப்பதாகச் சொல்லி, யாரும் அணிய வேண்டாம் என்று எச்சரித்தது. கழுத்தில் நாள் முழுக்கத் தொங்கவிடும் பொருள் அது. சித்தியிடம் மேற்பொருந்துதல் எல்லாம் பேசவில்லை. "சித்தி, மணவாளக்குறிச்சி மணலைப் பொட்டலம் கட்டிக் கழுத்துல போடுவீங்களா?" என்று கேட்டேன். கழற்றிவிட்டார். கட்டிய காசு திரும்ப வரவில்லை.

ஃபிலிமைப் பத்திரப்படுத்துவது

இந்த ஃபிலிமின் உள்ளே அயோடின் ஏறிய மெல்லிய பிளாஸ்டிக் படலம் இருக்கிறது. ஈரமும் சூடும் சேர்ந்தால் வெளுத்துவிடும். நம் மாவட்டத்தில் தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டுமே பெய்வதால் சும்மா மேசையில் போட்டால் சீக்கிரம் கெடும். காகிதத்தில் தனித்தனியாகச் சுற்றி, புதுச் செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றோடு மூடி இறுகிய டப்பாவில் வையுங்கள். பைக் சீட்டுக்கு அடியில் மட்டும் வைக்காதீர்கள். அச்சுக் கோடு அழிந்தால் மறுபடியும் சிவப்புத் தரைக்குப் போய்ப் போட்டுக்கொள்ளலாம். சின்னப் பிள்ளைகள் வீட்டில் இருந்தால், குறுக்காக வைத்த இரண்டு ஃபிலிமுக்கு நடுவே கண்ணாடித் துண்டில் செல்லோ டேப்பைக் கோணல்மாணலாக அடுக்கி ஒட்டிக் காட்டுங்கள். வருகிற நிறங்களைப் பார்த்துவிட்டு டேப் சுருளையே தீர்த்துவிடுவார்கள், இரண்டு சுருளாக வாங்கி வையுங்கள்.